டப்பாப் பாலின் கணக்கு

திருப்பூரில் சனிக்கிழமை மாலை என்பது சம்பள மாலை. பனியன் நிறுவனங்களில் வாரக் கூலி கைக்கு வந்ததும் மளிகைக் கடைகளில் கூட்டம் நிரம்பிவிடும். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை ஒன்றில், என்னிடம் பொருளியல் பயின்ற மாணவர் ஒருவர் புறநகரில் நடத்திவரும் கடையில் அரை மணி நேரம் அமர்ந்திருந்தேன். அதற்குள் இனிப்பூட்டிய கெட்டிப்பால் டப்பாக்கள், அதாவது கடைமொழியில் 'மில்க்மெய்டு', ஏழு விற்றுவிட்டன. எந்த நிறுவனத்தின் டப்பாவானாலும் மக்கள் கேட்கும் பெயர் அதுதான்.

"முன்னெல்லாம் கிறிஸ்துமஸ் சமயத்துலதான் கேப்பாங்க சார். இப்ப வருசம் பூரா ஓடுதுங்க" என்றார் மாணவர். வாங்கியவர்களில் பெரும்பாலோர் தையல், செக்கிங், பேக்கிங் பிரிவுகளில் வேலை செய்யும் பெண்கள். சேமியாவும் முந்திரியும் சேர்த்து வாங்கினார்கள். பாயசத்துக்கு என்பது புரிந்தது. ஆனால் ஏழாவது டப்பாவைக் கையிலெடுத்த இளம்பெண் கேட்ட கேள்விதான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்துவந்தது. "அண்ணா, இதைச் சுடுதண்ணியில கலக்கிக் குழந்தைக்குக் குடுக்கலாமுங்களா? ஏழு மாசம் ஆச்சு."

மாணவர் என்னைப் பார்த்தார். கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டிருந்தால் அந்தக் கூட்டத்தில் விளக்கியிருக்க முடியாது. விளக்க வேண்டிய அளவுக்கு அந்தச் சிறிய டப்பாவுக்குள் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது.

முதலில் டப்பாவுக்குள் இருப்பது என்ன என்று பார்ப்போம். 'கோடெக்ஸ்' எனப்படும் பன்னாட்டு உணவுத் தரநிலையின்படி, இனிப்பூட்டிய கெட்டிப்பாலில் பாலின் திடப்பொருள் குறைந்தது 28 விழுக்காடு இருக்க வேண்டும். அதில் கொழுப்பு 8 விழுக்காடு. எஞ்சியதில் ஏறத்தாழ 44 விழுக்காடு சேர்க்கப்பட்ட சர்க்கரை, மீதி தண்ணீர். 400 கிராம் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டால், பால் திடப்பொருள் 112 கிராம். நாம் வாங்கும் சமன்படுத்திய பாலில் 3 விழுக்காடு கொழுப்பும் 8.5 விழுக்காடு இதர திடப்பொருளுமாக 11.5 விழுக்காடு சத்து உள்ளது. ஆக, அந்த டப்பா என்பது சுமார் ஒரு லிட்டர் பாக்கெட் பாலும் 175 கிராம் சர்க்கரையும் சேர்ந்தது. அவ்வளவுதான்.

ஒரு லிட்டர் பாலின் விலையையும் அந்தச் சர்க்கரையின் விலையையும் கூட்டி, டப்பாவின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விலைகள் மாறுபவை என்பதால் நான் எண்களைத் தரவில்லை. எந்த மாதத்தில் போட்டுப் பார்த்தாலும் டப்பா கணிசமாகக் கூடுதலாகவே இருக்கும். அந்த வித்தியாசத்துக்கு நாம் என்ன வாங்குகிறோம்? இரண்டு பொருள்களை வாங்குகிறோம்: ஒன்று கெடாமை, மற்றொன்று நேரம்.

கெடாமைக்குக் காரணம் சர்க்கரை. பாலிலுள்ள தண்ணீரில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, எஞ்சிய தண்ணீரில் அத்தனை சர்க்கரையையும் கரைத்துவிட்டால், நுண்ணுயிரிகள் வளரத் தேவையான ஈரம் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. நம் வீடுகளில் ஊறுகாய்க்கு உப்பு செய்யும் வேலையை இங்கே சர்க்கரை செய்கிறது. அதனால், சர்க்கரையைக் குறைத்துக் கெட்டிப்பால் செய்ய முடியாதா என்ற கேள்விக்கு எளிதான விடை இல்லை. சர்க்கரையைக் குறைத்தால் அதைக் கெடாமல் காக்கும் வேலையை வேறொன்று செய்தாக வேண்டும். இனிப்பில்லாத கெட்டிப்பாலை டப்பாவில் அடைத்து உயர் வெப்பத்தில் சூடாக்குவது அதனால்தான்.

அமெரிக்கரான கெயில் போர்டன் 1856-இல் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். காற்றழுத்தம் குறைந்த கலத்தில் பாலைக் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கவைத்துச் சுண்டச் செய்வது அவருடைய முறை. அடிப்பிடித்த வாசனை வராமல் பால் கெட்டியாகும். 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் படைவீரர்களுக்கு அனுப்ப இந்தப் பால் பெருமளவில் வாங்கப்பட்டது. 1866-இல் பேஜ் சகோதரர்கள் சுவிட்சர்லாந்தின் சாம் நகரில் ஆங்கிலோ-சுவிஸ் கெட்டிப்பால் நிறுவனத்தைத் தொடங்கினர். 1905-இல் அது நெஸ்லேயுடன் இணைந்தது. 1912 முதல் அந்த நிறுவனம் இந்தியாவில் வணிகம் செய்துவருகிறது.

இந்த வரலாற்றில் கொங்கு நாட்டுக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. வெண்மைப் புரட்சியின் தந்தை எனப்படும் வர்கீஸ் குரியன் கோபிசெட்டிபாளையம் வைர விழா உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். இறக்குமதி செய்த மூலப்பொருள்களைக் கொண்டு கெட்டிப்பால் தயாரிப்பதை விடுத்து, இந்திய விவசாயிகளின் பாலைப் பயன்படுத்துமாறு கோருவதற்காக அவர் சுவிட்சர்லாந்து சென்றார். அங்கே, இந்த நுட்பமான தொழிலை உள்ளூர்க்காரர்களிடம் ஒப்படைக்க முடியாது என்ற பொருளில் பேசியதால் கூட்டத்திலிருந்து வெளிநடப்புச் செய்ததாகத் தம் தன்வரலாற்றில் அவர் குறிப்பிடுகிறார். பின்னர் ஆனந்தில் அமுல் நிறுவனமே கெட்டிப்பாலைத் தயாரித்துக் காட்டியது. நெஸ்லேயும் 1961-இல் பஞ்சாபின் மோகாவில் ஆலை அமைத்து உள்ளூர்ப் பாலை வாங்கத் தொடங்கியது.

இவ்வளவு இருந்தும் நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் கெட்டிப்பால் நுழையவில்லை. கடல் கடந்த தமிழர்களின் கதை வேறு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'தே' என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் கலந்த தேநீர்தான் வரும். பால் வேண்டாதவர் 'தே ஓ' என்று கேட்க வேண்டும். இனிப்பில்லாத டப்பாப் பால் வேண்டுமென்றால் 'தே சி'. இரண்டு குவளைகளுக்கிடையே உயர்த்தி ஆற்றும் 'தே தாரிக்' அங்கே புகழ்பெற்றது. அதை வளர்த்தெடுத்தவர்களில் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்களுக்கு முக்கிய இடம் உண்டு. ஆற்றும் கை தமிழ்க் கைதான். பால் மட்டும் டப்பாவிலிருந்து வந்தது. காலியான அந்த டப்பாவிலேயே காபியை ஊற்றி, கயிறு கட்டித் தொங்கவிட்டு வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிடும் வழக்கமும் முன்பு அங்கே இருந்தது. இலங்கையில் 'மில்க் டொஃபி' எனப்படும் பால் இனிப்பும் டப்பாப் பாலில்தான் பிறந்தது.

ஏன் இந்த வேறுபாடு? சுவை ஒரு காரணம் அன்று, விலையே காரணம். அங்கே கறவை மாடுகள் குறைவு, வெயிலும் ஈரமும் அதிகம், குளிர்பதனம் பிந்தி வந்தது. எனவே புதுப்பால் அரிதாகவும் டப்பாப் பால் மலிவாகவும் இருந்தன. வியட்நாமில் பிரெஞ்சுக்காரர்கள் அறிமுகப்படுத்திய காபியில் கெட்டிப்பால் சேர்ந்த காரணமும் இதுவே. கசப்பு மிகுந்த அடர்த்தியான டிகாக்ஷனுக்கு அந்தக் கொழுகொழுப்பும் இனிப்பும் பொருந்திப்போனதால், பற்றாக்குறையில் தொடங்கியது பின்னர் ருசியாக நிலைத்துவிட்டது. இங்கோ, பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலையும் மாலையும் கறந்த பால் நகருக்கு வந்துவிடுகிறது. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியும் கூட்டுறவுச் சங்கங்களும் அந்த வரத்தை உறுதிப்படுத்தின. ஒரு குவளைத் தேநீருக்குப் புதுப்பாலின் செலவு குறைவாக இருக்கும்போது எந்தக் கடைக்காரரும் டப்பாவை உடைக்க மாட்டார்.

எனவே நம் ஊரில் டப்பா வந்து சேர்ந்த இடம் தேநீர்க் கடை அன்று. வீட்டு அடுப்படியும் கல்யாணப் பந்தியும்தான். இங்கேதான் நேரம் என்ற இரண்டாவது பொருள் வருகிறது.

பாலைச் சுண்டக் காய்ச்சும் கலை நமக்குப் புதிதன்று. திரட்டுப்பால் நம் வீடுகளின் பழைய இனிப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் மாவட்டத்திலேயே ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பெயர் பெற்றது; அதுவும் மிஞ்சிய பாலைக் கெடாமல் காக்கக் கண்ட வழிதான். ஆனால் திரட்டுப்பால் கிண்ட ஒருவர் அடுப்பின் முன் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். கரண்டி நின்றால் அடிப்பிடிக்கும்.

அந்த ஒரு மணி நேரத்தின் விலை என்ன? 1965-இல் கேரி பெக்கர் எழுதிய நேர ஒதுக்கீட்டுக் கோட்பாட்டுக் கட்டுரையைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். குடும்பம் என்பது கடையில் வாங்கும் பொருளோடு தன் நேரத்தையும் சேர்த்துத்தான் எதையும் உருவாக்குகிறது. நேரத்தின் கூலி உயர உயர, நேரத்தை மிச்சப்படுத்தும் பொருளை நாடும் என்பது அதன் சாரம். அதற்கு உதாரணம் தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. காலை எட்டரைக்குப் புகுந்து இரவு எட்டரைக்கு வெளிவரும் 'ஒன்றரை ஷிப்ட்' வேலை பார்க்கும் பெண்ணிடம், பீஸ் ரேட்டில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டால் உடனே சொல்வார். டப்பாவுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை அந்தக் கூலியைவிடக் குறைவாக இருந்தால் அவர் செய்வது ஊதாரித்தனம் ஆகாது, சரியான கணக்கு. 'இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பாயசம்கூட டப்பாவில் வேண்டும்' என்று அலுத்துக்கொள்ளும் என் வயதொத்த நண்பர்கள், பால் கிண்டிய கைகள் அன்று யாருடையவை, அதற்குக் கூலி யார் கொடுத்தார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். நானும் கொடுத்ததில்லை.

கொங்குப் பகுதிக் கல்யாணங்களில் இப்போது பரவலாகப் பரிமாறப்படும் இளநீர்ப் பாயசம் டப்பாப் பாலின் தகுதியை நன்கு காட்டுகிறது. இளநீரையும் வழுக்கையையும் கொதிக்கவைத்தால் அவற்றின் மென்மணம் போய்விடும். கெட்டிப்பாலைக் காய்ச்ச வேண்டியதில்லை. தேங்காய்ப்பாலோடு கலந்து குளிரவைத்தால் போதும். குல்ஃபியிலும் அப்படித்தான். அதிலுள்ள மிகுந்த சர்க்கரை பெரிய பனிப்படிகங்கள் உருவாகாமல் தடுப்பதால் கடையாமலே வழுவழுப்பு வந்துவிடுகிறது. ஆனால் சேமியா, ஜவ்வரிசி, அரிசி ஆகியவற்றை முழுவதும் வெந்த பிறகே கெட்டிப்பாலில் சேர்க்க வேண்டும். மிகுந்த சர்க்கரையில் அவை எளிதில் மேலும் வேகா. சேர்த்தபின் தீயைக் குறைக்க வேண்டும். முக்கியமாக, வழக்கமான சர்க்கரையையும் போட்டுவிடக் கூடாது. நம் வீடுகளில் நடக்கும் பெரிய பிழை அதுதான். ஒரு டப்பாவில் ஏற்கெனவே 175 கிராம் சர்க்கரை இருக்கிறது. பத்துப் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்குப் பதினேழு, பதினெட்டு கிராம்.

ஒரு பண்டிகை நாளில் அது பெரிய அளவன்று. கவலை அன்றாடத்தில் இருக்கிறது. கோல்டு காபி, மில்க் ஷேக், ஃபலூடா, பாதாம் பால் என்று நகரின் குளிர்பானக் கடைகளில் ஒரு கரண்டி கெட்டிப்பால் மேலே ஊற்றித் தருவது இப்போது வழக்கமாகிவருகிறது. ஒரு மேசைக்கரண்டி, அதாவது 20 கிராம் கெட்டிப்பாலில் சுமார் 9 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை. உலக சுகாதார அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒருவர் பெறும் மொத்த ஆற்றலில் இத்தகைய சர்க்கரையின் பங்கு 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். அதில் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது.

பனியன் தொழிலாளி ஒருவரின் நாளைப் பாருங்கள். பதினொரு மணிக்கு ஒரு தேநீர், நான்கு மணிக்கு ஒன்று, கூடுதல் நேர வேலை இருந்தால் இரவில் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. கூடவே ஒரு பன். தேநீரிலேயே 25 கிராமுக்கு மேல் போய்விடுகிறது. சர்க்கரையின் வரலாற்றை எழுதிய மானுடவியலாளர் சிட்னி மின்ட்ஸ், பிரிட்டனின் ஆலைத் தொழிலாளர்களுக்குச் சர்க்கரை போட்ட தேநீர் மலிவான, விரைவான ஆற்றலாக எப்படி அமைந்தது என்று 1985-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். சமைக்க நேரமில்லாத உழைப்பாளியின் வயிற்றை இனிப்பு நிரப்பியது. திருப்பூரின் தேநீர் இடைவேளையைப் பார்க்கும்போது அந்த நூல் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. நேரத்தை மிச்சப்படுத்தும் பண்டங்கள் பெரும்பாலும் சர்க்கரையோடுதான் வருகின்றன. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடி என மதிப்பிட்டது.

இப்போது அந்த இளம்பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கேள்வி மிகப் பழையது. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் உரையாற்றினார். தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கெட்டிப்பாலை விளம்பரப்படுத்துவதால் குழந்தைகள் இறக்கிறார்கள் என்றும் அதைக் கொலைக்கு நிகராகவே கருத வேண்டும் என்றும் அவர் கடுமையாகப் பேசினார். காரணம் கணக்கில் இருக்கிறது. 20 கிராம் கெட்டிப்பாலை ஒரு சிறு குவளை வெந்நீரில் கலக்கினால், பாலைப் போலவே வெண்மையாக இருக்கும், பாலைவிட இனிக்கும், குழந்தை ஆவலோடு குடிக்கும். ஆனால் அதில் புரதம் ஒன்றரை கிராம்தான். அதே அளவு பாலில் ஏறத்தாழ 5 கிராம் இருக்கும். வயிறு நிறையும், உடல் வளராது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை டப்பாவில் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. நல்ல விதிதான். ஆனால் ஏழு மாதக் குழந்தையின் தாய் அதை எப்படி வாசிப்பார்? 'ஆறு முடிந்துவிட்டது, இனிக் கொடுக்கலாம்' என்றுதான். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலோடு கூழும் மசித்த உணவும் தொடங்க வேண்டும், அங்கன்வாடியில் இணை உணவு கிடைக்கும் என்பதையெல்லாம் அந்தச் சிறிய எழுத்து சொல்வதில்லை. இந்தோனேசியாவின் உணவு, மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2018-இல் இன்னும் தெளிவாக நடந்துகொண்டது. கெட்டிப்பால் விளம்பரங்களிலும் டப்பாக்களிலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் காட்டக் கூடாது, அதைப் பாலுக்கு நிகராகச் சித்திரிக்கக் கூடாது என்று அது உத்தரவிட்டது.

நம் வரி அட்டவணையோ எதிர்த்திசையில் பேசுகிறது. கெட்டிப்பாலுக்கான சரக்கு-சேவை வரி 2017 நவம்பரில் 18 விழுக்காட்டிலிருந்து 12 ஆகவும், 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகவும் குறைக்கப்பட்டது. அதே நாளில் சர்க்கரை சேர்த்த குளிர்பானங்கள் 40 விழுக்காட்டு அடுக்குக்குச் சென்றன. வெண்ணெய், நெய்யோடு கெட்டிப்பாலும் 'பால் பொருள்' என்ற ஒரே கூடையில் இருப்பதன் விளைவு இது. வரியை உயர்த்த வேண்டும் என்று நான் வாதிடவில்லை. நேரமில்லாத ஏழைக் குடும்பத்தின் பண்டிகைப் பாயசத்தின் மீது வரி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எடையில் பால் சத்தைவிடச் சர்க்கரை கூடுதலாக உள்ள பண்டம் எந்தக் கூடையில் இருக்கிறது என்பதை வாங்குபவராவது அறிந்திருக்க வேண்டும். மொத்தச் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றைத் தடித்த எழுத்தில் அச்சிடும் முன்மொழிவுக்கு உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2024 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. கெட்டிப்பாலைப் பொறுத்தவரை, பாலிலேயே உள்ள இயற்கைச் சர்க்கரையையும் சேர்க்கப்பட்ட சர்க்கரையையும் பிரித்துக் காட்டினால்தான் அதற்குப் பொருள் இருக்கும், அதுவும் தமிழில்.

இரண்டு வாரம் கழித்து மாணவரின் கடைக்குப் போயிருந்தேன். பால்மாவு அடுக்கிலிருந்த டப்பாக்களை எடுத்து, சர்க்கரை, வெல்லம், சேமியா இருக்கும் அடுக்குக்கு மாற்றியிருந்தார். 'இது பாயசச் சாமான், குழந்தைக்குப் பால் அல்ல' என்று அட்டையில் எழுதியும் ஒட்டியிருந்தார். வியாபாரம் குறைந்துவிட்டதா என்று கேட்டேன்.

"கூடியிருக்குதுங்க சார். சேமியா வாங்கறவங்க கண்ணுல இப்பத்தான் படுது" என்றார்.